வாளை உருவும் முன்: சுங்கத்துறை அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுங்கத்துறை அலுவலர்களுக்கு,

வணக்கம்.

எந்த நாட்டு விமான நிலையத்தில், எந்தத் துறைமுகத்தில் உங்கள் மேசை இருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். ஜப்பானிலிருந்து நீளமாக ஒரு பெட்டி வந்திருக்கும். எக்ஸ்ரே திரையில் லேசாக வளைந்த ஒரு கோடு தெரியும். "இது என்ன, வாளா?" என்று பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பீர்கள். அங்கிருந்து அடுத்த கால்மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் பழைய ஜப்பானிய வாள்களைச் சேகரிப்பவன். வியாபாரி இல்லை. என்னிடம் இருப்பதே நான்குதான். நான்காவது, 'வாகிசாஷி' எனப்படும் குட்டை வாள், உங்கள் சகாக்களின் கிடங்கு ஒன்றில் பதினொரு வாரம் கிடந்தது. அந்தப் பதினொரு வாரத்துக்காக எனக்குக் கோபம் இல்லை. இருநூறு வருஷம் இருந்த பொருள் இன்னும் மூன்று மாதம் சும்மா கிடந்தால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் பெட்டி கைக்கு வந்து, துணியை விலக்கி, உறையிலிருந்து மெதுவாக எடுத்துப் பார்த்தபோது, நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது. துருவாக.

நடுச்சுழி, அதைச் சுற்றி வரி வரியாக, ஓரத்தில் சின்னத் தழும்பு ஒன்று குறுக்கே ஓடியது வரை தெரிந்தது. ரசீதில் ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டிருந்தார். வாளில் யாரோ கைநாட்டு வைத்திருந்தார்கள்.

தொட்டவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கத்தியைப் பார்த்தால் கூர் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது எல்லோருக்கும் இருக்கிற பழக்கம். ஆனால் இந்த அலகு வெறும் எஃகு. முலாம் இல்லை, பூச்சு இல்லை. மேலே கிராம்பு மணக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும்தான். அதைத் துடைத்துவிட்டு விரல் வைத்தால், வியர்வையின் உப்பு அங்கேயே உட்கார்ந்து எஃகைத் தின்ன ஆரம்பித்துவிடும். அன்றைக்கே துடைத்து எண்ணெய் போட்டிருந்தால் தப்பித்திருக்கும். பதினொரு வாரத்தில் நன்றாக வேர் பிடித்துவிட்டது.

இதைத் தேய்த்து எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். எடுக்கலாம். ஜப்பானில் இதற்கென்றே 'தோகிஷி' என்று தனித் தொழில்காரர் இருக்கிறார்கள். சொரசொரப்பான கல்லில் தொடங்கி, படிப்படியாக மென்மையான கற்களுக்குப் போய், கடைசியில் காகிதம் போல மெலிந்த கல் சில்லைக் கட்டைவிரலுக்கு அடியில் வைத்துத் தேய்ப்பார்கள். வாரக்கணக்கில் நடக்கிற வேலை. ஆனால் சோப்பு கரைகிற மாதிரி, ஒவ்வொரு மெருகுக்கும் எஃகு கொஞ்சம் போகிறது. இந்த வாள்களில் மேல்தோல் கடின எஃகு, உள்ளே பெரும்பாலும் மென்மையான எஃகு. பல தலைமுறை தேய்த்த வாளில் உள் எஃகு அங்கங்கே வெளியே எட்டிப் பார்க்கும். அப்புறம் அந்த வாளுக்கு மெருகு என்பதே கிடையாது. ஆக, ஒரு கட்டைவிரல் ரேகைக்கு விலை பணம் மட்டும் இல்லை. வாளின் ஆயுளில் ஒரு பங்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சோதிக்காமல் விடுங்கள் என்று கேட்க நான் இதை எழுதவில்லை. சோதிக்க வேண்டியது உங்கள் வேலை. ஆனால் நீங்கள் சோதிக்கும் இடம் தவறு. வாளின் வடிவத்தையும் கூர்மையையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறீர்கள். பதில் இருப்பதோ கைப்பிடிக்குள்ளே.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். அது எங்களைவிட உங்களுக்குத்தான் அத்துபடி. எச்.எஸ். கோடு என்று நீங்கள் தினமும் புழங்கும், உலக சுங்க அமைப்பு வகுத்த பட்டியலில் வாள்களுக்கு 9307 என்று ஒரு தலைப்பு இருக்கிறது. பெட்டியைத் திறந்ததும் எல்லோர் கையும் அங்கேதான் போகிறது. ஆனால் அந்த 93-ஆம் அத்தியாயத்தின் முதல் குறிப்பே, சேகரிப்புப் பொருள்களும் தொல்பொருள்களும் இந்த அத்தியாயத்தில் அடங்கா, 9705-க்கும் 9706-க்கும் போகும் என்று சொல்கிறது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளுக்கு 9706. 2022 பதிப்பில் அதையே இரண்டாகப் பிரித்து, 250 ஆண்டுக்கு மேற்பட்டவற்றுக்குத் தனி உட்பிரிவும் கொடுத்துவிட்டார்கள். பழுது பார்த்ததாலோ செப்பனிட்டதாலோ தொல்பொருள் என்ற தன்மை போய்விடாது, மூல உருவம் கெடாதவரை, என்று விளக்கக் குறிப்பும் இருக்கிறது. இருந்தும் எனக்கு வந்த முதல் கடிதத்தில், "பொருள் பளபளப்பாக, புதிதாகக் காணப்படுவதால்" என்று ஒரு வரி. பளபளப்பு தோகிஷி கொடுத்தது. அதற்கு அடியில் இருக்கும் எஃகு 1811-இல் அடித்தது.

1811 என்று எப்படித் தெரியும்? அதுதான் கைப்பிடிக்குள் இருக்கிறது.

ஜப்பானிய வாளின் கைப்பிடி ஒட்டியிருப்பதில்லை. ஒரே ஒரு மூங்கில் முளை குறுக்கே செருகியிருக்கும், 'மெகுகி' என்பார்கள். சின்னப் பித்தளைச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினால் முளை வெளியே வந்துவிடும். பிறகு வாளை நிமிர்த்திப் பிடித்து, கைப்பிடியைப் பிடித்திருக்கும் மணிக்கட்டின் மேல் மறுகையால் ஒரு குத்து. அலகு தளர்ந்து மேலே எழும்பும். அப்போது தெரிகிற காம்புதான் 'நாகாகோ'. அதை யாரும் மெருகேற்றுவதில்லை. கொல்லன் கைவிட்ட நாளிலிருந்து பிடிக்கிற துரு அப்படியே அதில் தங்கியிருக்கும். பழைய காம்பின் துரு கறுத்த பழுப்பு நிறத்தில், தொட்டால் வழவழப்பாக, எஃகோடு எஃகாக உறைந்திருக்கும். அரத்தால் இழுத்த கோடுகள் மங்கிப்போயிருக்கும். நேற்று உப்புநீரில் ஊறவைத்துத் துருப்பிடிக்க வைத்த காம்பு செங்கல் நிறத்தில் பொரிப்பொரியாக இருக்கும், கையில் தூள் ஒட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பழகாத கண்ணுக்கும் வித்தியாசம் தெரியும்.

என் வாளின் காம்பில் ஒரு பக்கம் கொல்லனின் பெயர், மறுபக்கம் உளியால் வெட்டிய ஒரு வரி: 'பூன்கா எட்டாம் ஆண்டு, எட்டாம் மாதம், நாள்'. நாளுக்கு முன் எண் இல்லை, விட்டுவிட்டார்கள். பூன்கா என்பது 1804-இல் தொடங்கிய ஜப்பானிய சகாப்தத்தின் பெயர். எட்டாம் ஆண்டு என்றால் 1811. மாதத்தை அப்படியே நம்பத் தேவையில்லை. வருஷத்தில் எப்போது அடித்தாலும் இரண்டாம் மாதம் அல்லது எட்டாம் மாதம் என்று வெட்டுவது அந்தக் கொல்லர்களிடம் பரவலாக இருந்த வழக்கம். (அந்தக் காலத்து வாள்களின் பிறந்தநாளைக் கொண்டாடுவதென்றால் வருஷத்தில் இரண்டு நாள் போதும்.)

இவ்வளவையும் நான் புகைப்படம் எடுத்து, மொழிபெயர்த்து, பெட்டிக்குள்ளேயே வைக்கச் சொல்லியிருந்தேன். கூடவே நிஹோன் பிஜுத்ஸு தோகென் ஹோஸோன் கியோகாய் கொடுத்த சான்றிதழ். 1948-இல் தொடங்கிய, ஜப்பானிய வாள்களின் பாதுகாப்புக்கான சங்கம் அது. வாள் விஷயத்தில் உலகம் முழுக்க மதிக்கிற தாள். அந்தத் தாளில் 'ஹெய்செய் 20' என்று தேதி இருந்தது, அதாவது 2008. சங்கம் வாளைப் பார்த்து எழுதிக் கொடுத்த வருஷம். உங்கள் சகா எனக்கு அனுப்பிய இரண்டாவது கடிதத்தில், "தயாரிப்பு ஆண்டு 2008 எனச் சான்றிதழில் உள்ளது, எனவே தொல்பொருள் அல்ல" என்று இருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பாட்டிக்குப் போன வருஷம் அடையாள அட்டை எடுத்தால் பாட்டிக்கு வயது ஒன்றா?

மூன்றாவது கடிதம் இன்னும் சுவாரசியம். "அறிவிப்பில் ஒன்று, பெட்டியில் இரண்டு வாள்" என்றார்கள். எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு படபடத்தது. அப்புறம்தான் புரிந்தது. பழைய வாள் பல சமயம் இரண்டு உடுப்போடு வரும். அலகு உறங்குவது 'சிராசாயா' என்ற வெள்ளை மர உறையில். அலங்காரம் எதுவும் இல்லாத, ஹோ எனும் ஜப்பானிய மக்னோலியா மரத்தில் செய்த எளிய உறை. அரக்கு உறை, பட்டு நாடா சுற்றிய கைப்பிடி, இரும்புக் கைக்காப்பு எல்லாம் கொண்ட உடுப்பு தனி. அதைச் சும்மா விட்டால் குலைந்துவிடும் என்று உள்ளே ஒரு மர அலகைச் செருகி வைப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் முழு வாள். உருவினால் மரக்கட்டை. என் பெட்டியில் இருந்த இரண்டாவது 'ஆயுதத்தால்' வெண்ணெய் வெட்டுவதே கஷ்டம். யாராவது அதை ஒரு அங்குலம் உருவிப் பார்த்திருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். உருவக்கூடாததை உருவித் தொட்டார்கள், உருவ வேண்டியதை உருவவில்லை.

தாள்களைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். இது என் அனுபவம் மட்டும் இல்லை, எங்களில் பலருக்கும் நடப்பது. "ஜப்பானில் பதிவு செய்த வாள் என்கிறீர்கள், பதிவு அட்டை எங்கே?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அட்டை வராது, வரவும் கூடாது.

ஜப்பானில் துப்பாக்கி, வாள்களுக்கான கட்டுப்பாட்டுச் சட்டம் 1958-இல் வந்தது. கடுமையான சட்டம். அதன்படி உரிமம் ஆளுக்கு இல்லை, வாளுக்குத்தான். ஒவ்வொரு வாளுக்கும் ஓர் அட்டை: நீளம், வளைவு, முளைத் துளைகள் எத்தனை, காம்பில் என்ன எழுதியிருக்கிறது எல்லாம் அதில் இருக்கும். கொடுப்பது காவல்துறை இல்லை, மாகாணக் கல்வி வாரியம். வாள் கைமாறினால் அட்டையும் கூடவே போகும். நாட்டை விட்டுப் போகும்போது அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குமுன் பண்பாட்டு விவகார முகமையிடம் விண்ணப்பித்து ஏற்றுமதிச் சான்று வாங்க வேண்டும். ஆக, அட்டை இல்லாமல் வருவதுதான் முறைப்படி வந்ததற்கு அடையாளம். அட்டையோடு வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்!

அந்த ஏற்றுமதிச் சான்று என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதிலும் குழப்பம் இருக்கிறது. எங்கள் ஆட்களே பலர் அதை வயதுச் சான்று போலக் காட்டுகிறார்கள். அது வயதுச் சான்று இல்லை. இந்த வாள் தேசியப் பொக்கிஷமோ முக்கியப் பண்பாட்டுச் சொத்தோ இல்லை, வெளியே போகலாம், அவ்வளவுதான் அதன் பொருள். திருட்டுத்தனமாகக் கடத்திய கலைப்பொருளா என்ற உங்கள் கவலைக்கு அது பதில். நூறு ஆண்டு தாண்டியதா என்ற கேள்விக்குக் காம்பும் சங்கத்தின் தாளும்தான் பதில். இரண்டு கேள்விகளையும் ஒரே தாளில் தேடினால் கிடைக்காது.

எல்லா வாளும் நேரே ஜப்பானிலிருந்து வருவதும் இல்லை. 1945-இல் நேச நாட்டுப் படைகள் வாள்களை ஒப்படைக்கச் சொன்னபோது எண்ணற்றவை கைமாறின, ஏராளமானவை அழிந்தன, பல, போர்வீரர்களின் பைகளில் வேறு நாடுகளுக்குப் போய்ப் பரண்களில் உறங்கின. குனிமுனே என்ற பழைய கொல்லன் அடித்த, தேசியப் பொக்கிஷமான ஒரு வாளே அப்படி அமெரிக்காவுக்குப் போய், வால்டர் காம்ப்டன் என்ற சேகரிப்பாளர் கையில் கிடைத்து, அவர் 1963-இல் ககோஷிமாவின் தெருகுனி ஆலயத்துக்கே திருப்பிக் கொடுத்தார். அப்படி வெளியே போனவற்றுக்கு ஜப்பானியத் தாள் எதுவும் இருக்காது. இதில்தான் இன்னொரு சிக்கல். போர்க்கால ராணுவக் கைப்பிடியோடு ஒரு வாள் வந்தால் 1940-களின் தொழிற்சாலைச் சரக்கு என்று உடனே முடிவு கட்டிவிடுகிறீர்கள். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் போருக்குப் போன பல அதிகாரிகள் வீட்டிலிருந்த பரம்பரை வாளுக்கு ராணுவ உடுப்பை மாட்டி எடுத்துப் போனார்கள். உடுப்புக்கு எண்பது வயது, உள்ளே இருப்பதற்கு நானூறு. மறுபடியும் அதேதான்: முளையைத் தட்டுங்கள், காம்பைப் பாருங்கள்.

வடிவத்தை வைத்து முடிவெடுக்கக்கூடாது என்பது சேகரிப்பாளனின் சுயநலப் பேச்சு இல்லை. ஜப்பானே அப்படித்தான் பிரிக்கிறது. பாரம்பரிய முறையில் அடித்து, மடித்து, தோய்ச்சல் போட்டு உருவான வாளுக்குத்தான் பதிவு. அச்சு அசலாக அதே வடிவத்தில் தொழிற்சாலையில் தட்டிய வாளுக்கு அங்கே பதிவு கிடையாது. பிரிட்டனும் 2008-இல் ஐம்பது சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள வளைந்த வாள்களின் விற்பனையையும் இறக்குமதியையும் தடை செய்தபோது, பாரம்பரிய முறையில் செய்தவற்றுக்கும் 1954-க்கு முன் செய்தவற்றுக்கும் விலக்குக் கொடுத்தது. இரண்டு அரசுகளுமே வளைவோடு நிற்காமல் செய்முறையையும் பார்த்தன.

தோய்ச்சல் என்றதும் ஒன்று. அலகின் விளிம்போரம் பால் படிந்தது போல ஒரு வெண்கோடு அலையலையாக ஓடும், 'ஹாமோன்'. களிமண்ணை முதுகில் தடிமனாகவும் விளிம்பில் மெல்லிசாகவும் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் இறக்கும்போது விளிம்பு மட்டும் வேகமாகக் குளிர்ந்து இறுகும். அந்த இறுகிய பகுதியின் எல்லைதான் அந்தக் கோடு. ஒரு விளக்குக்குக் கீழே வாளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் அந்தக் கோட்டுக்குள் மணல் மணலாக மினுங்கும். போலி வாளில் இதையே அமிலத்தால் வரைந்திருப்பார்கள். எந்தக் கோணத்தில் சாய்த்தாலும் சுவரில் அடித்த வெள்ளை மாதிரி செத்துக் கிடக்கும். இதைப் பார்க்க விரல் வேண்டாம், விளக்கு போதும்.

எங்கள் பக்கத்துத் தப்பையும் மறைக்கப் போவதில்லை. உங்களுக்குச் சந்தேகம் வளர்த்துவிட்டதே நாங்கள்தான். இன்வாய்ஸில் "அலங்காரப் பொருள்" என்று எழுதச் சொல்பவன் எங்களில் இருக்கிறான். "பரிசு" என்று எழுதி, மதிப்பைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துப் போடச் சொல்பவன் இருக்கிறான். பிடிபட்டதும் "இது விலைமதிப்பற்ற கலைப்பொருள், எப்படி நிறுத்தலாம்?" என்று கத்துபவனும் அவனே. தொல்பொருள் என்ற பெயரில் போலிகள் வருகின்றன, காம்பில் புகழ்பெற்ற கொல்லனின் பெயரைப் பொய்யாக வெட்டுவது பல நூற்றாண்டாக நடக்கும் தில்லுமுல்லு. தந்தம் பதித்த உறையுள்ள குறுவாளுக்கு, அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' ஒப்பந்தத் தாள் வேண்டும் என்பதே தெரியாமல் வாங்கிவிட்டு, பிறகு உங்களைத் திட்டுபவர்களும் உண்டு. (கைப்பிடியில் நாடாவுக்கு அடியில் வெள்ளையாகப் புள்ளி புள்ளியாகத் தெரிவது தந்தம் இல்லை, திருக்கை மீனின் தோல்.) இவர்களை நீங்கள் பிடிக்கத்தான் வேண்டும். அவர்களால்தான் ஒழுங்காக அறிவித்தவன் பெட்டியும் பதினொரு வாரம் கிடக்கிறது.

நான் கேட்பது அதிகம் இல்லை. வாள் போலத் தெரிந்த பெட்டியைத் திறக்கும் மேசையில் ஒரு ஜோடி பஞ்சுக் கையுறை. அலகை வெறும் கையால் தொடக்கூடாது, அதன் மேல் குனிந்து பேசக்கூடாது என்று சுவரில் ஒட்ட ஒரு தாள்; எச்சில் திவலைக்கும் துரு வரும். கைப்பிடியைக் கழற்றிப் பார்க்க வேண்டுமென்றால், அருங்காட்சியகத்திலோ சேகரிப்பாளர் சங்கத்திலோ தெரிந்த ஒருவரைக் கூப்பிட அனுமதி, அல்லது உரியவரையே உங்கள் கண்முன் கழற்றச் சொல்லும் ஏற்பாடு. காம்பின் துருவைச் சுத்தம் செய்து எழுத்தைப் படிக்கலாம் என்று ஆர்வக்கோளாறில் யாரும் உப்புத்தாளை எடுக்காமல் இருக்க வேண்டும். அந்தத் துருதான் வாளின் வயதுக்குச் சாட்சி, அதைத் தேய்த்தால் சாட்சியைக் கொன்ற மாதிரி. நிறுத்தி வைப்பதாக இருந்தால் ஈரமில்லாத இடம். இவ்வளவும் உங்களுக்கு அரைநாள் பயிற்சி. பயிற்சிக்கு வாள் தேவைப்பட்டால் என் நான்கில் ஒன்றைக் கொண்டுவருகிறேன், கைநாட்டு உள்ளதையே.

ஐந்தாவது ஒன்று அடுத்த மாதம் கிளம்புகிறது. நீளமான வாள், காம்பில் பெயர் இல்லாதது, சங்கத்தின் தாள் உண்டு. உடுப்பு உறையின் மேல் "உள்ளே மரம், தயவுசெய்து உருவிப் பாருங்கள்" என்று பெரிய எழுத்தில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். சான்றிதழின் தேதிக்குப் பக்கத்தில் "இது தாளின் வயது" என்று பென்சிலால் எழுதியிருக்கும். சிராசாயாவின் பக்கத்தில் ஒரு சின்னப் பையில் கையுறை இரண்டு ஜோடி, மூங்கில் முளையைத் தட்டச் சுத்தியல், ஒரு புட்டி எண்ணெய். கையுறையை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு சேகரிப்பாளன்